வேளைக்கு இரண்டு கிலோ பருத்திக்கொட்டை

சாதிக் பாட்சாவின் பேண்டைக் கவ்விக்கொண்ட சைக்கிள் செயின், விடவே மாட்டேன் என்றது.

திருத்தங்கல் போகிற ரோட்டில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக நொண்டியடித்துக்கொண்டு நின்றார் மனுஷன். முன்னால் இழுத்தால் துணி இன்னும் உள்ளே போனது. பின்னால் சுற்றினால் டர்ரென்று கிழிந்தது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் வரிசையாக அவரைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு வேன் ஜன்னலிலிருந்தும் ஒரு யோசனை வந்து விழுந்தது.

"பாய், பேசாம கைலிக்கு மாறிருங்க!"

"பேண்டைக் களட்டிப் போட்டுட்டு ஓடுங்க பாய், பெறகு வந்து எடுத்துக்கிடலாம்!"

கடைசியாக ஒரு வெள்ளைக் கார் வந்தது. அது யோசனை சொல்லவில்லை, நின்றே விட்டது. கண்ணாடி இறங்கியது. உள்ளே அச்சக முதலாளி சீனிவாசகம்.

"மணி என்ன பாய்?"

"செயின்ல மாட்டிக்கிடுச்சு முதலாளி..."

"நான் மணியத்தான கேட்டேன்."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அந்த அச்சகத்தில் பைண்டிங் பிரிவு சூப்பர்வைசர் சாதிக் பாட்சாதான். வயது ஐம்பதை நெருங்குகிறது. அச்சான தாள்களை ஃபாரம் ஃபாரமாக மடித்து, அடுக்கி, தைத்து, புத்தகமாக்கி அனுப்புகிற வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிஞ்சியதெல்லாம் தூரம்தான். மனை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆமத்தூர்ப் பக்கம் வீட்டைக் கட்டிக்கொண்டார். தீபாவளி சீசன் வந்தால் பட்டாசுக் கம்பெனி ஆட்களால் பஸ் நிரம்பி, இவர் நிறுத்தத்தைப் பார்க்காத மாதிரியே போய்விடும். தினமும் லேட்டு. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். இன்னும் லேட்டு.

முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்: "ஆயுத பூஜையன்னைக்கு பைண்டிங் சூப்பர்வைசர் நாற்காலி யாருக்குன்னு சொல்லிருவேன் பாய். நேரத்துக்கு வர்றவனுக்குத்தான் நாற்காலி."

போட்டிக்கு நின்றவன் முதலாளியின் அக்கா மகன் மகேஷ்குமார். அவன் வீடு அச்சகத்துக்கு நேர் எதிரே. எழுந்து சோம்பல் முறித்தால் கை கேட்டில் இடிக்கும். அவனால் எப்படி லேட்டாக வர முடியும், சொல்லுங்கள்!

அன்றைக்குக் கிழிந்த பேண்டோடு இவர் போய்ச் சேர்ந்தபோது, மகேஷ்குமார் அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மேஜை முழுக்கச் சரக்கு. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்போர் சங்கத்துக் கையேடு, காலண்டர் அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள், சைக்கிள் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற கையேடு.

"எல்லாத்தையும் நானே நின்னு தைக்க வச்சுட்டேன் பாய். நீங்க போயி டீ சாப்பிடுங்க."

சாதிக் பாட்சா இல்லாமலே பைண்டிங் நடந்துவிட்டது. இதுவரை அப்படி ஆனதே இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தவர் கண்ணில் அந்தச் சைக்கிள் கையேடு பட்டது. 'தினமும் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு: உடை, பயிற்சி, உணவு.' மனுஷனுக்கு உயிர் வந்தது. ஒன்றை எடுத்து மடியில் கட்டாத குறையாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் பக்கங்களில் காற்றடிப்பது, எண்ணெய் விடுவது. அதெல்லாம் அவருக்கே தெரியும். நடுப்பக்கங்களில்தான் சங்கதி இருந்தது.

"பருத்திக்கொட்டை, உளுந்து, தேங்காய், பேரீச்சம்பழம். ஊறவச்சு அரைச்சுக் காலையில குடுக்கணுமாம்," என்று மனைவியிடம் வாசித்துக் காட்டினார்.

ஷரீஃபுன்னிசா தலையாட்டினாள். பருத்திப்பால் குடிக்காத ஊரா? "நல்லதுதான். எம்புட்டுப் போடணுமாம்?"

"வேளைக்கு ரெண்டு கிலோ."

"யா அல்லா! ரெண்டு கிலோவா? அச்சுப்பிழையா இருக்கப் போகுதுங்க."

"எங்க பிரஸ்ல பிழையெல்லாம் வராது," என்றார் சாதிக் பாட்சா ரோஷமாக. "அது பந்தயத்துல ஓட்டுறவனுக்கு. நான் இப்பத்தான ஆரம்பிக்கேன். கால் பங்கு போடு."

கால் பங்கே ஒரு குண்டாச் சட்டி வந்தது. முதல் நாள் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர், பாதி வழியில் கருவேலங்காட்டுக்குள் ஓடினார். ரோட்டுக்குத் திரும்பி வந்தபோது முதல் ஷிப்ட் தொடங்கியிருந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கும் கையேட்டில் வழி இருந்தது: 'தீனி செரிக்க, சாயங்காலம் கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் நீச்சல்.' தீனி என்ற வார்த்தையைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தார். எழுதினவன் நாக்கு அப்படி என்று விட்டுவிட்டார். வயிறு சரியானது. ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

அடுத்து உடை. 'வெளியே கிளம்பும்போது கழுத்தில் பளிச்சென்ற துண்டும் மணியும் இருக்கட்டும்.'

"துண்டு சரி. மணி எதுக்குங்க? அதான் சைக்கிள்லயே இருக்குல்ல?"

"அது நாம அடிச்சாத்தான் அடிக்கும். இது தானா அடிக்கும். லாரிக்காரன் தூரத்துலயே உசாராயிருவான். எப்படி யோசிச்சு எழுதியிருக்கான் பாரு!"

லாரிக்காரர்கள் உஷாரானார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைவிட உஷாரானார்கள். மணிச் சத்தம் கேட்டதும் ஐஸ்காரர் வந்துவிட்டார் என்று காசோடு பின்னாலேயே ஓடிவந்தார்கள். சேமியா ஐஸ் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நின்று விளக்கம் சொல்லி, சத்தியம் செய்து, தும்மி, அச்சகம் போய்ச் சேர்ந்தபோது மகேஷ்குமார் கேட்டிலேயே கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினான்.

பிள்ளைகளை முந்த வேண்டுமானால் வேகம் வேண்டும். வேகத்துக்குப் பயிற்சி. 'ஈர மண்மேட்டில் நெற்றியால் முட்டிப் பழகினால் கழுத்தும் தோளும் உரம் பெறும்.'

இதற்குக் கொஞ்சம் தயங்கத்தான் செய்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே பட்டது. எதிர்க்காற்றில் குனிந்து ஓட்டினால் முதலில் வலிப்பது கழுத்துதானே? கொல்லையில் மண்ணைக் குவித்துத் தண்ணீர் தெளித்து, விடியலில் யாரும் பார்க்காத நேரம் முட்டினார். ஒரு வாரத்தில் நெற்றி நடுவே கறுப்பாக ஒரு காய்ப்பு விழுந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அதைப் பார்த்த இமாம் ஹஜ்ரத் அப்படியே நின்றுவிட்டார். தொழுது தொழுது விழுகிற தழும்பு என்று நினைத்துக்கொண்டார். "பாருங்க, இவர் நம்ம ஜமாஅத்துக்கே பெருமை! வீட்டுல சத்தமில்லாம எம்புட்டு வணங்கியிருக்கார்!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குமேல் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருக்க முடியுமா? போனால் உடனே வரத்தான் முடியுமா? ஆளுக்கொரு சந்தேகம் கேட்டார்கள். தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவதற்குள் பொழுது ஏறிவிட்டது.

அப்படி ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாற்காலி போனாப் போகட்டுங்க," என்றாள் ஷரீஃபுன்னிசா. அவள் கையெல்லாம் பருத்திக்கொட்டை வாடை. "நாலு லேபிள எண்ணிக் குடுத்தாலும் சோறு கிடைக்கும். நீங்க உடம்பைக் கெடுத்துக்கிறாதீக."

"சோத்துக்கா நான் இம்புட்டும் செய்யுறேன்? அந்த மகேசு பய தாளை வச்சது வச்சபடி தைக்கான். ஒவ்வொரு ஃபாரத்தையும் புரட்டிப் பாத்துல்ல தைக்கணும்? மூலையில உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொன்னா எனக்குத் தாங்காது நிசா."

அவள் எழுந்து போய் மறுநாளைக்குப் பருத்திக்கொட்டையை ஊறப் போட்டாள்.

அந்தப் பாவப்பட்ட பருத்திக்கொட்டைக்கு ஒரு மனசு வந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு எல்லாம் கூடி வந்தது. தொந்தி வற்றியது. தொடை இரும்பானது. ஹஜ்ரத் ஒரு சந்தேகம் கேட்டு முடிப்பதற்குள் இவர் தெருமுனையில் இருந்தார். ஐஸ் கேட்ட பிள்ளைகள் துரத்திப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு, மூக்கால் 'புஸ் புஸ்' என்று மூச்சு விட்டபடி அவர் வந்த வேகத்தில், பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். மகேஷ்குமார் பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, இவர் அச்சக கேட்டில் சாய்ந்து நின்று அவனுக்கு சலாம் வைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பைண்டிங் நாற்காலிக்கும் ஒரு பொட்டு. பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லாரும் சுற்றி நிற்க, முதலாளி சாதிக் பாட்சாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய், ஆளே மாறிட்டீகளே! கேட்டைத் தெறக்குறதுக்கு முந்தியே வந்து நிக்கீகன்னு வாட்ச்மேன் சொன்னான். என்ன மருந்து சாப்பிட்டீக?"

சாதிக் பாட்சா பெருமையாகப் பையிலிருந்து கையேட்டை எடுத்து நீட்டினார். "மருந்தெல்லாம் இல்ல முதலாளி. எல்லாம் இந்தப் புஸ்தகம்."

"அட, நம்ம பிரஸ்ல போட்டது!" முதலாளி அட்டையைத் தடவிப் பார்த்தார். "இப்படி ஒரு சரக்கு நம்மகிட்ட இருந்து போயிருக்கா! தச்சது நீங்கதான?"

சாதிக் பாட்சா வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை.

"நான்தான் மாமா!" மகேஷ்குமார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "அன்னைக்கு பாய் செயின்ல மாட்டி ரோட்டுல நின்னாரே, அன்னைக்குத் தச்சது. ஒண்ணு விடாம என் கைபட்டுத்தான் போச்சு. வேற ஒரு ஆளு தொடல."

"சத்தியமா?"

"அம்மன் சத்தியமா மாமா."

முதலாளி தாடையைச் சொறிந்தார். சாதிக் பாட்சாவை ஒரு தரம் சங்கடத்தோடு பார்த்தார். "வருத்தப்படாதீக பாய். நேரத்துக்கு வர்றது பெரிசுதான். ஆனா ஒரு மனுசனையே மாத்துற மாதிரி வேலை செஞ்சிருக்கான் பாருங்க, அது அதைவிடப் பெரிசு. மகேசு, உக்காருலே."

சாதிக் பாட்சாவின் கையிலிருந்த பொரிப் பொட்டலம் கீழே சாய்ந்து கொட்டியது. தன்னை மேலே தூக்கிவிட்ட புத்தகமே தன்னைக் கவிழ்த்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

மகேஷ்குமார் நாற்காலியில் பாதி உட்கார்ந்திருப்பான். வாசலில் ஒரு பெரிய குரல் கேட்டது.

"இந்தப் புஸ்தகத்தத் தச்ச மகராசன் யாருய்யா?"

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆள். பெயர் ஊர்க்காவலன் என்றார். முறுக்கு மீசை, தோளில் துண்டு, கையில் ஒரு கையேடு.

"நான்தான்," என்றான் மகேஷ்குமார், உட்கார்ந்தும் உட்காராமலும்.

ஊர்க்காவலன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லாயிருக்கணும் தம்பி! எங்க வீட்டுக் கருத்தப்பாண்டிக்கு இதுல போட்டது போட்டபடிதான் செய்யுதேன். காலையில ரெண்டு வாழப்பழம், ஊறவச்ச அவலு. வெயில் ஏறுனா எலுமிச்சம்பழச் சாறுல குளுக்கோசு. வாரத்துல ஒரு நாளு முழு ஓய்வு. ரோட்டுல எறங்குனா எடது பக்கமாவே போறான், பாத்துக்கோங்க!"

"கேட்டீகளா மாமா?" என்றான் மகேஷ்குமார்.

"இந்த உடுப்பு விசயத்துலதான் சிக்கிக்கிட்டேன். இறுக்கமா அரைக்கால் டவுசர், உக்கார்ற எடத்துல பஞ்சு வச்சுத் தைக்கணும்னு போட்டிருக்கு. துணியெடுத்து டெய்லர்ட்டயும் குடுத்தாச்சு. அவன் ஒரு கேள்வி கேக்கான், புஸ்தகத்துல தேடித் தேடிப் பாக்கேன், பதிலக் காணோம்."

"அப்படி என்ன கேக்கான்?" என்றார் முதலாளி.

"பின்னங்காலுக்கு மட்டும் தச்சாப் போதுமா, முன்னங்காலுக்கும் வேணுமா, வாலுக்கு எங்கன ஓட்டை விடணும்னு கேக்கான்யா!"