எழில்மொழியின் வண்டியை ஓசூருக்குக் கட்டி அனுப்பும் விஷயமாக

எர்ணாவூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் எழில்மொழிக்கு, எர்ணாவூர் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியிலிருந்து உன் தகப்பன் அசோகன் எழுதிக்கொள்வது. ஜெய்பீம். இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அதைத் தனியாக விசாரிக்க வேண்டாம். குழாயில் தண்ணீர் வருகிறது, காற்றில் கரி வருகிறது, எல்லாம் நீ விட்டுவிட்டுப் போனபடியே இருக்கிறது. ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோன் உன் அம்மா கையில் இருக்கிறது. என் முறை வருவதற்குள் உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். "வண்டிய அனுப்பி வைம்மா, ரூம்லேர்ந்து கம்பெனி ரொம்ப தூரம். வழியில ஆடாம அசையாம வரணும், நைனாவையே கட்டச் சொல்லு" என்று நீ அனுப்பிய மெசேஜை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். நாலு தடவை படிக்கச் சொன்னேன். நாலாவது தடவை, "அதே எழுத்துதான்யா கீது, மாறிகினா போவும்?" என்று ஃபோனை மூடிவிட்டாள். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் லாஷிங் கேங்கில் இருந்தவன் நான். கப்பலில் ஏற்றிய சரக்கு கடலில் ஆடாமல் கட்டுவதுதான் பிழைப்பு. பாய்லர் கட்டியிருக்கிறேன், ரயில் என்ஜின் கட்டியிருக்கிறேன், ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்ட மாட்டேனா? கட்டுவேன். ஆனால் எந்த வண்டிக்குப் பின்னால் கட்டுவது என்று முடிவு செய்வதற்குள் பதினேழு நாள் ஓடிவிட்டது. நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக அம்மா உன்னிடம் வத்தி வைத்திருப்பாள். நம்பாதே.

முதலில் யோசனை சொன்னவன் தாவூது, டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, என் தோஸ்து, அவன்தான். "இதுக்கு இன்னாத்துக்கு மாமு இவ்ளோ ரோசனை? ஆட்டோ பின்னால கவுத்த கட்டு, நீ வண்டி மேல குந்திக்கோ, சென்ட்ரல் வரிக்கும் இஸ்துகினு போறேன், அப்பால ரயில்ல ஏத்திடலாம்" என்றான். எனக்கு அந்த வண்டியில் பின்னால் உட்காரத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது என்றேன். "நானு இஸ்துகினு போவச்சொல்ல நீ இன்னாத்த ஓட்டப் போற?" என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது பார், அங்கேதான் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. ரயிலில் ஏற்றுவதற்காகப் பெட்ரோலை வடித்துவிட்டு, கயிற்றை நானே முடிச்சுப் போட்டு, எண்ணூர் ரோட்டில் ஒரு வெள்ளோட்டம் விட்டோம். முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி. நடுவில் நான், ஹெல்மெட்டோடு, வரிசையில் கடைசிப் பிள்ளை மாதிரி போய்க்கொண்டிருக்கிறேன். நெட்டுக்குப்பத்துப் பூவம்மா மீன் கூடையோடு ரோட்டோரம் நின்று கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டிய கால் அது. ஓரமாக ஒரு கை உயர்ந்தால் தாவூதைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிடும். ஆட்டோ நின்றது. நான் நிற்கவில்லை. முன்சக்கரம் போய் ஆட்டோவின் முதுகில் முட்ட, நான் அந்த ஆட்டோவைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன். பூவம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, உள்ள எடமில்லன்னு பின்னால ஒட்டிகினு வர்றியா?" என்றாள். தாவூது அப்போதும் திரும்பிப் பார்க்காமல், "எண்ணூரா? ஏறும்மா, ஏறு" என்கிறான். மட்கார்டு லேசாக நெளிந்தது, தட்டி எடுத்தாச்சு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும், நீ உற்றுப் பார்க்காதே. கயிறு இழுக்கும், நிறுத்தாது. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டாவது மாடி செங்குட்டுவன். அவர் கார் வைத்திருப்பது உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், அவர் தெரியப்படுத்துவார். காரின் பின்பக்கம் ஒரு இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து அதன்மேல் வண்டியைத் தூக்கி வைத்தால் ராஜா மாதிரி போய்ச் சேரும் என்றார். வைத்தோம். மூன்று பேர் தூக்கி வைத்துக் கையை எடுத்ததும் காரின் மூக்கு மேலே எழும்பியது, உட்கார்ந்தால் கண்ணாடி முழுக்க வானம். செங்குட்டுவன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்புகிறார், கார் நேராகவே போகிறது. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் போலீஸ்காரர் ஒருவர் மடக்கி, "ஹெல்மெட் எங்கய்யா?" என்றார். "கார்ல வர்றோம் சார்" என்றேன். "பின்னால பாத்தா பைக்கு கீது, நம்பர பாத்தா பைக்கு நம்பரு, பிரேக் லைட்ட பாத்தா அதுவே காணோம். நீ கார்ல வர்றன்னு பின்னால வர்றவனுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. செங்குட்டுவன் அன்றைக்கே ஜகா வாங்கிவிட்டார், சட்டம் இப்போது மாடியில் துணி காயப்போட உதவுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ சிரிப்பாய். சிரி. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு, அம்மா சொன்னது பொய்யில்லை. நான் இழுத்துத்தான் அடித்தேன். பதினாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி, தார்ப்பாயை விலக்கி, பேட்டரி செத்துவிடக் கூடாதென்று உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டால் நீ எங்கேயோ கடைக்குப் போக வண்டியை எடுக்கிற மாதிரி இருக்கும். முட்டி போன பிறகு கடைசி மூணு வருஷம் காலை ஷிஃப்டுக்கு நீதானே என்னை ஹார்பர் கேட்டில் கொண்டுபோய் விட்டாய்? லாரிகளுக்கு நடுவில் நீ பூந்து போகும்போதெல்லாம், "நைனா, தோள புடிச்சிக்கோ" என்பாய். நான் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ரோஷமாகப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். பிடித்திருக்கலாம். வண்டி கீழே நிற்கிறவரைக்கும் நீ வேலைக்குத்தான் போயிருக்கிறாய், வந்துவிடுவாய் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். அதுவும் போய்விட்டால் நீ எதுக்கு இந்த ஊருக்கு வரப்போற? எங்க ரெண்டு பேர் மூஞ்சியப் பாக்கவா?

நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால், "நீ அங்க கீற வரிக்கும் ஓசூர் மண்ண மெதிக்க மாட்டேன்" என்று நான் சவுண்டு விட்டது உனக்கு மறந்திருக்காது. நீ பதிலுக்குக் கத்தியிருந்தால் அங்கேயே சமாதானம் ஆகியிருப்பேன். நீ "சரி நைனா" என்றுவிட்டு ஏறிவிட்டாய். சரி நைனா என்றால் மனுஷன் அதற்கு மேல் என்ன செய்வான்? சொன்னது சொன்னதுதான். லாஷிங் கேங்கில் அசோகன் பேச்சு மாற மாட்டான் என்று பெயர். வண்டி வரும், நான் வர மாட்டேன்.

வண்டிக்கு இப்போது வழி பிறந்துவிட்டது. என்னோடு கேங்கில் இருந்த லோகநாதன் முகத்துவாரக்குப்பத்தில் ஃபைபர் போட் ஏற்றுகிற சின்ன டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறான், அதை அவன் ஜீப்புக்குப் பின்னால் மாட்டலாம். அவனுக்குக் கிருஷ்ணகிரியில் மச்சான் வீட்டு விசேஷம், ஓசூர் வரை வருகிறேன் என்றான். நேற்று கட்டினேன். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை வைத்து, ஸ்டாண்டை மடக்கிவிட்டு, ஹேண்டில்பாரில் போடாமல் அதற்குக் கீழே ஃபோர்க்கில் கயிற்றைப் போட்டு, ஷாக் அப்சார்பர் பாதி அமுங்குமட்டும் நாலு மூலைக்கும் இழுத்து, பெயிண்டில் உரசுகிற இடத்திலெல்லாம் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினேன். டிரெய்லருக்குத் தனியாகப் பின்லைட்டும் நம்பரும் மாட்டினோம். பள்ளமும் மேடுமான எண்ணூர் ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தோம். ஜீப் குதித்தது, டிரெய்லர் குதித்தது, லோகநாதன் தலை கூரையில் இடித்தது, உன் வண்டி இம்மி அசையவில்லை. அவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அசோகா, இத்த அவுக்கறதுக்கு என்னாலயே ஆவாதுடா" என்றான். இன்று காலை உன் அம்மா கீழே வந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கட்டிட்ட, சரி. அங்க யாரு அவுப்பா?" என்றாள். கத்தியால் அறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் வண்டியை வேகமாக ஓட்டாதே. உன் அறைத்தோழிகளுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசை.

இப்படிக்கு,
உன் நைனா,
அசோகன்.

பின்குறிப்பு: கயிற்றை அறுக்காதே. நல்ல கயிறு. மேலே 'வர மாட்டேன்' என்று எழுதியிருக்கிற வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று நான் அடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கட்டிக் கட்டி அனுப்பினேன், ஒன்றாவது போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்ததில்லை. எந்தத் தேசத்திலோ எவனோ ஒருத்தன் அவிழ்த்திருப்பான். இந்த ஒரு கட்டை நானே அவிழ்க்கிறேன். கவரில் ஸ்டாம்ப் இல்லையே என்று பார்க்கிறாயா? இதை உன் கையில் கொடுத்த லோகநாதனை நீ நிமிர்ந்து பார்த்தாயோ இல்லையோ தெரியவில்லை. உன் ரூமுக்கு வெளியே ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், ஜீப்புக்குள்ளே அம்மா இருக்கிறாள், வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்திருக்கிறாள். சீக்கிரம் படித்து முடி, முட்டி வலிக்கிறது. அவிழ்த்ததும் பெட்ரோல் போட்டு ஒரு ரவுண்டு கூட்டிப் போ. இந்தத் தடவை தோளைப் பிடித்துக்கொள்கிறேன்.