முடிந்துபோன வழக்குகளின் ரசிகர்

தன் மேல் ஒரு வழக்கும் இல்லாமல், அடுத்தவர் மேல் ஒரு வழக்கும் போடாமல், தமிழ்நாட்டிலேயே அதிகமான கோர்ட் படிகளை ஏறி இறங்கிய மனிதர் எங்கள் தீர்ப்பு பாய்தான். இதை மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். பாய் காதில் விழுந்தால் ஆதாரத்தோடு வந்து நிற்பார், அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் அவருக்குக் கொசுவலைக் கடை. ஜன்னலுக்கு அளவெடுத்து வலை அடித்துக் கொடுப்பது தொழில். கோர்ட் ஆவணம் படிப்பது பொழுதுபோக்கு. இதில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று அவர் மனைவிக்கே தெரியாது. எப்போதோ ஒரு வக்கீல் வீட்டு ஜன்னலை அளந்துகொண்டிருந்தபோது, "முடிஞ்ச கேஸோட தீர்ப்பை யார் வேணாலும் மனு போட்டுக் கேக்கலாம் பாய், அதெல்லாம் பப்ளிக்" என்று அந்த வக்கீல் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருக்கிறார். பாய் அன்றைக்குப் பிடித்ததுதான், விடவே இல்லை.

ஊரெல்லாம் சாயங்காலம் ஆனால் சீரியல் பார்க்கும். பாய் தீர்ப்பு படிப்பார். அதுவும் பட்டணத்துத் தீர்ப்பு ஆகாது.

"மெட்ராஸ் கேஸ்ல இன்னா சார் கீது? வாடகை குடுக்கல, செக்கு திரும்பிச்சு. படிச்சா கொட்டாவிதான் வரும். ஊர்ப்பக்கம் போனாதான் கேஸு. ஆடு கீது, கிணறு கீது, வரப்பு கீது. ஒரு தென்ன மரம் சார். வேரு இவன் கொல்லைல, தல அவன் கொல்லைல. தேங்கா யாருக்கு? நீ சொல்லு."

மரம் யாருடையதோ அவருக்குத்தான் என்றேன்.

"கீழ்கோர்ட்டும் அப்டிதான் சொல்லிச்சு" என்று சிரித்தார். நானும் கீழ்கோர்ட்டுதான் என்பது அந்தச் சிரிப்பில் அடக்கம்.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் கடை ஷட்டரில் 'கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன்' என்று அட்டை தொங்கும். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு கேஸ் உள்ள மனிதரை வீட்டுக்குள் விடுவதைவிடக் கொசுக்கடியே மேல் என்று இருந்துவிட்டார். பாயோ பஸ் பிடித்து ஏதாவது ஒரு தாலுகா கோர்ட்டின் நகல் பிரிவில் போய் நிற்பார். வழக்கில் சம்பந்தமில்லாத ஆள் நகல் கேட்டால் காரணம் எழுதி, பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். முதல் தடவை பாய் எழுதிய காரணம்: 'மேற்படி கிணறு கடைசியில் யாருக்குப் போனது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.' குமாஸ்தா அதைச் சிரித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோனதாகவும், ஜட்ஜும் சிரித்துக்கொண்டே அனுமதித்ததாகவும் பாய் சொல்வார். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பழைய வழக்கைத் தேட அவரிடம் தனி வழி இருந்தது. "செல்போன்ல தேடினா புது கேஸுதான் வரும் சார். பழசு வேணும்னா கோர்ட்டு எதுத்தாப்ல டீக்கடைக்குப் போவணும்" என்பார். அங்கே உட்கார்ந்து, யாராவது ஒரு பெரியவரிடம் சண்டை எந்த வருஷம், மழை வருஷமா, எலெக்‌ஷன் வருஷமா என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் ரெக்கார்டு ரூம் பக்கம் போவார். வெறுங்கையோடு திரும்பியதே இல்லை என்பது அவர் பெருமை.

வாங்கி வந்ததை எங்கள் தெரு டீக்கடையில் சத்தமாக வாசிப்பார். வாதி சொன்னது, பிரதிவாதி சொன்னது எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வரும். தீர்ப்பு வரும் பக்கத்தில் நிறுத்திவிடுவார். நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னால்தான் மேலே படிப்பார். ஒருநாள் வரப்புத் தகராறு ஒன்றின் நடுவில் ஆட்டோக்காரர் ஒருவர் சவாரியை மறந்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சவாரியும் இறங்கி வந்து வாதிக்கு ஓட்டுப் போட்டது.

எங்கள் வீட்டு ஜன்னலை ஆட்டுத் திருட்டு வழக்கு சொல்லிக்கொண்டே அளந்தார். வலை ஒரு சாண் குட்டை. கொசுக்கள் அப்பீல் போடாமலே உள்ளே வந்தன.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அக்காவின் வழக்கு போய்ச் சேர்ந்தது.

அக்காவைச் சின்ன வயதில் உள்ளே தள்ளிய ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டால் கண்டக்டரே ஒரு நிமிஷம் யோசிப்பார். கல்யாணம் நிலைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கோர்ட்டிலேயே விவாகரத்து ஆயிற்று. பல வருஷம் தனியாக வேளச்சேரியில் இருந்தவளை, அடையாறில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர், மனைவியை இழந்தவர், கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அக்கா சரி என்றாள். பதிவு அலுவலகத்தில் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இல்லாமல் பதிவு இல்லை என்றார்கள். அது வேளச்சேரி வெள்ளத்தில் பீரோவோடு கூழாகியிருந்தது. பழைய வக்கீல் காலமாகிவிட்டார். வேறொரு வக்கீல் "பாக்கலாம் சார், பாக்கலாம்" என்றே மழைக்காலத்தை ஓட்டினார்.

"பாயைக் கேக்கட்டுமா?" என்றேன்.

அக்கா முகம் சுண்டிப்போயிற்று. "அவரா? வீட்டுக்குள்ள நடந்ததை எல்லாம் கோர்ட்ல அத்தனை பேர் நடுவுல சத்தமா படிச்சாங்கடா. இன்னொரு தடவ அதை டீக்கடைல படிக்கணுமா? அதுக்கு எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

வாத்தியார் ஒன்றும் நெருக்கவில்லை. நெருக்கியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் பொறுமையாக இருந்ததுதான் அவளைத் தின்றது. ஒருநாள் போன் செய்தாள். "கேளு. ஊருக்கே தெரிஞ்சாலும் பரவால்ல."

பெயர், வருஷம், ஊர் மூன்றையும் பாயிடம் சொன்னேன். கல்யாண விஷயத்தையும் சொன்னேன். படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. குழந்தையிடம் லட்டைக் கொடுத்து நக்காமல் கொண்டு போ என்பது போல அது.

மறுநாளே அட்டையைத் தொங்கவிட்டுப் போனார். திரும்பி வந்தவர் கடைக்குள் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"குடுக்கல சார்" என்றார். "காரணம்னு ஒரு எடம் கீதுல்ல. அக்கா கல்யாணத்துக்குன்னு எழுத வேண்டிதுதானே? கைப்பழக்கம். 'படிப்பதற்காக'ன்னு எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்த நகல் பிரிவு ஆளு மனுவப் பாத்தான், என்னப் பாத்தான். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்தப் படிக்க நீ யாருய்யான்னு கேட்டான். கேட்டது நாயந்தான சார்." காலிச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "கிணத்துக்கு வெக்கம் கெடையாது. ஆட்டுக்கும் கெடையாது. இது மனுசியாச்சே."

பிறகு, "கேஸு நம்பரு கண்டுபுடிச்சிட்டேன். அவங்களே வந்து கையெழுத்துப் போட்டா குடுத்துடுவாங்க. நான் கூட வர்றேன், மனு எழுதித் தர்றேன்" என்றார்.

அக்கா, நான், பாய் மூவரும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டியும் பாய் ஒரு வழக்குகூடச் சொல்லவில்லை. மனிதருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"பாய், ஏதோ தென்னை மரக் கேஸுன்னு தம்பி சொன்னான். தேங்கா யாருக்கு?"

பாய் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. முழுசாகச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர்களும் காதைக் கொடுத்தார்கள். வழக்கம்போல நிறுத்தி, "நீ சொல்லும்மா" என்றார்.

"அடிச்சுக்கற அளவுக்கு அதுல காய்ப்பு இருந்துதா?" என்று கேட்டாள் அக்கா.

பாய் திகைத்துவிட்டார். "இத்தினி வருசத்துல யாரும் இதக் கேக்கல. ஜட்ஜும் கேக்கல" என்றார்.

அன்று மனு கொடுத்துத் திரும்பினோம். நகல் தயார் என்று தெரிந்ததும் மறுபடி போனோம். அன்றைக்குப் பாயைத் திருப்பி அனுப்பிய அதே குமாஸ்தா காகிதங்களை அக்கா முன்னால் வைத்தார். "எல்லாப் பக்கத்துலயும் சீலும் கையெழுத்தும் இருக்கான்னு பாத்து வாங்கிக்கங்கம்மா. அப்புறம் இல்லன்னு வந்து நிக்காதீங்க."

அக்கா முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள். அதற்குமேல் விரல் நகரவில்லை. காகிதக் கட்டை அப்படியே பாய் பக்கம் தள்ளினாள்.

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து ஈ மொய்த்த மாதிரிதான் தெரியும். காகிதக் கட்டைத் தலைகீழாகத் திருப்பி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ரவுண்டா ஒண்ணு தெரியுது, சீலு. கோணையா ஒண்ணு தெரியுது, கையெழுத்து. அடுத்தது... ரவுண்டு கீது, கோணை கீது."

குமாஸ்தா பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் இதே பாராயணம். பிறகு கவரில் போட்டு அக்கா கையில் கொடுத்தார். "எல்லாம் சரியா கீது. பத்திரமா வெச்சுக்கம்மா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலுக்கு என்று சொன்னாள். நாங்களும் வெயில் ஜாஸ்திதான் என்றோம்.

அன்று சாயங்காலம் தெரு டீக்கடையில் கூட்டம் காத்திருந்தது. "இன்னா பாய், மூணு வாட்டி போயாச்சு. இன்னா கேஸு?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"ஒண்ணும் கெடைக்கலப்பா" என்றார் பாய். "தேடித் தேடிப் பாத்தேன். ரெக்கார்டே இல்லன்ட்டாங்க."

"உனக்கேவா? வயசாயிடுச்சு பாய் உனக்கு" என்று எல்லாரும் சேர்ந்து ஓட்டினார்கள். பாய் தலையை ஆட்டிக்கொண்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார். அடுத்த மாதம் வரைக்கும் அந்தக் கேலி நடந்தது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அக்கா கல்யாணம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்தது. பிறகு அடையாறில் ஒரு சின்ன ஹாலில் சாப்பாடு. சித்தப்பா, அத்தை, பெரியம்மா என்று எல்லாரும் வந்து, பழையதை எல்லாம் கண்ணிலேயே வைத்துக்கொண்டு அவளை வாழ்த்தினார்கள். பாய் சலவைச் சட்டையில் வந்து, ஹால் ஜன்னல்களில் வலை சரியில்லை என்று குறை சொன்னார். வந்தவர்களிலேயே அக்காவின் பழைய கதை தெரியாத ஒரே ஆள் அவர்தான். அவர் பக்கத்து நாற்காலியில்தான் அக்கா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.