எட்டாம் நம்பர் சாம்பலுக்கு நான் கொடுத்த பலம்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
வியாழக்கிழமை காலை

என் அக்கா பெற்ற இன்ஜினியர் தீபிகாவுக்கு மாமா குழந்தைவேல் எழுதுவது. தஞ்சாவூரில் நாத்தனார் கல்யாண வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் சௌக்கியம், உன் ஆபீஸ் சௌக்கியம், உன் கம்ப்யூட்டர் முன்னைவிடச் சௌக்கியம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

சாமி, ராசிபுரம் தீர்த்தகிரி வீடு கட்டுகிற வேலை நமக்கே! படத்தைப் பார்த்து 'ஊடு சிறுசா இருக்குது' என்று இரண்டு இன்ஜினியர்களைத் துரத்தியவர். இதுவும் கைவிட்டுப் போனால் ஆபீசை மூட வேண்டியதுதான் என்று நீ கண் கலங்கினாய். "மாமா, பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றும் சொன்னாய். தொட்டேன். தொட்டதால்தான் ஜெயித்தோம்.

நேற்று முதல் தாள் வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நடுவில் கொஞ்சம் கறுப்பு, சுற்றிலும் எல்லாம் எலி கொறித்த மாதிரி மங்கல். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி பாடிக்குப் பெயின்ட் அடித்தவன் நான். எட்ட நின்றால் தெரியாத எழுத்து எனக்கு எழுத்தே இல்லை. உன் ஆபீசில் படம் வரைகிற சௌந்தர்யாவிடம் கேட்டால், "அதெல்லாம் மங்கலாத்தானுங்ணா வரோணும், காரணமாத்தான் வெச்சிருக்குது" என்கிறாள். "இங்க் மிச்சம் பண்ற காரணமா?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். பிளாட் ஸ்டைல் என்று ஒரு அட்டவணை. திரையில் எந்த நிறமோ, தாளில் அதற்கு எத்தனை தடிமன், எத்தனை அழுத்தம் என்று அதில் இருக்கிறது. கல்லூரியில் நான்கு வருஷம் சொல்லித் தருவதை ஒன்பதாவதோடு நின்ற நான் டீ ஆறுவதற்குள் பிடித்துவிட்டேன். எட்டாம் நம்பர் சாம்பல் நிறத்துக்கு ஏதோ சின்ன எண் போட்டிருந்தாய், அடித்து நூறாக்கினேன், கோட்டையும் தடியாக்கினேன். நடுவே ஒரு சிவப்புக் கோடு கீறல் விழுந்த மாதிரி குறுக்கே ஓடியது, அதற்குச் சுழியம் வைத்தேன், இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அடுத்த தாள் வந்தது பார், புது டாரஸ் லாரி ஷெட்டை விட்டு வெளியே வருகிற மாதிரி!

சாயங்காலம் சம்சாரத்தோடு ஆபீசுக்கு வந்த தீர்த்தகிரி தாளை மேசையில் விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஏனுங்க, இத்தன பெரிசுங்களா நம்மூடு?"

"உங்க அந்தஸ்துக்கு இதே கம்மிங்க" என்றேன்.

அவர் சம்சாரம் ராசாத்தி விரலை வைத்தார். "கெணறு கூட இருக்குதுங்களே! தென்னை ஏழு! பின்னால இது என்னங்க?"

"மாட்டுக்கொட்டகைங்க."

"எங்ககிட்ட மாடில்லீங்களே."

"ஊடு வந்தா மாடு தானா வருமுங்க."

அந்த அம்மா கண்ணில் தண்ணீர். முதல் இரண்டு இன்ஜினியர்களையும் தீர்த்தகிரி என் முன்னாலேயே திட்டினார். அங்கேயே கையெழுத்து. எனக்குச் சால்வை வேறு போட்டார். ராசிபுரமே கூடி நின்று கைதட்டியது என்று வைத்துக்கொள்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் பேரைச் சொல்லி அட்சதை போடு. நீ பத்து மாடி கட்டு, அத்தனை படத்துக்கும் கோடு நான் அழுத்துகிறேன்.

வெற்றியோடு,
மாமா குழந்தைவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ராசிபுரத்திலிருந்து போன். தீர்த்தகிரி இன்று விடிந்ததும் பூஜை போட்டு, நம் படத்தை அளந்து ஈசானி மூலையில் முளைக்குச்சி அடித்திருக்கிறார். அது பக்கத்து வீட்டுக் காத்தானின் மாட்டுக்கொட்டகைக்குள் இறங்கியிருக்கிறது. கிணறும் ஏழு தென்னையும் காத்தானுடையவையாம். அடுத்தவர் சொத்து என்பதற்காகத்தான் மங்கலாக வைத்திருந்தாயாம், சௌந்தர்யா இப்போது சொல்கிறாள். அந்தச் சிவப்புக் கீறல்தான் எல்லையாம். காத்தானே போனை வாங்கி, "ஏனுங்க, எங்கூட்ட எப்பங்க இடிக்கிறீங்க? மாட்ட அவுத்து வேற பக்கம் கட்டோணுமுங்க" என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவுதான் பயமாக இருக்கிறது. நீ போனை எடுக்காததால் இதைத் தஞ்சாவூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மணவறையில் நின்றாலும் சரி, உடனே கூப்பிட்டு ஒன்று மட்டும் சொல் சாமி: நான் நூறாக்குவதற்கு முன்னே காத்தான் எந்த எண்ணில் இருந்தார்? நான் குறித்து வைக்கவில்லை.