சகலை சிவப்பு, மாப்பிள்ளை பச்சை

கிடங்கு வாசலில் சரக்குத் தூக்கும் சிவப்பு ஃபோர்க்லிஃப்ட் வந்து இறங்கிய அன்றே, கிடங்குப் பொறுப்பாளரோடு அவர் தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள்.

சிவப்பை விற்றவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். பச்சை வண்டி விற்பவரோ மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன். முதலாளி ஒரே ஒரு வண்டி வாங்கச் சொன்னால் பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

மாப்பிள்ளை நேரில் வந்து வரலாறு எடுத்தார். பச்சைக் கம்பெனி மூன்று தலைமுறையாகத் தூக்கு வண்டிதான் செய்கிறதாம். சிவப்புக்காரன் நேற்றுவரை பூட்டு செய்தவனாம். இது காதில் விழுந்ததும் சகலை குதித்தார். பூட்டு செய்தால் என்ன கெட்டுப்போச்சு, வெளிநாட்டுக்காரன் தேடி வந்து என்ஜினுக்குக் கூட்டுச் சேர்ந்தது யாரோடு? பச்சைக்காரனோடு எந்தக் கூட்டாளியாவது நிலைத்தானா? எதிரில் வந்தால்கூட இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தங்கை போனையே எடுக்கவில்லை. கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவருக்குச் சோறு இறங்கவில்லை. சரக்கு மலையாகக் குவிகிறது என்று முதலாளியிடம் அளந்துவிட்டு, பச்சையிலும் ஒன்று வாங்கினார். தங்கை பேசினாள். மனைவி நிறுத்திவிட்டாள்.

"எங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றதோடு சரி.

மனைவியைக் குளிரவைக்கச் சிவப்பையே ஓட்டச் சொன்னார். பச்சை சும்மா நிற்பது முதலாளி கண்ணில் பட்டுத் தொலைத்தது. இந்த வாரத்துக்குள் ஒரு வண்டி திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் நீ போக வேண்டும் என்றுவிட்டார்.

எதைத் திருப்பினாலும் ஒரு வீட்டு வாசல் மூடிவிடும். திருப்பாவிட்டால் பிழைப்பு போய்விடும். அழாத குறையாக அவர் நின்றபோது சர்வீஸ் மெக்கானிக் வந்தார். சிவப்பைப் பார்த்து முடித்தவர், அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பச்சையிடம் போனார்.

"ரெண்டையும் நீங்களேவா பாக்கறீங்க?"

"ரெண்டு கம்பெனியும் கூட்டு சேந்து ஒரு வருஷமாச்சே சார். எதைத் திருப்பிக் குடுத்தாலும் எங்க ஆபீசுக்குத்தான் வரும்."

பொறுப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் உறைத்தது.

"அப்ப எங்க சகலையும் மாப்பிள்ளையும்?"

"பக்கத்துப் பக்கத்து நாற்காலி சார்," என்றார் மெக்கானிக், பச்சைக்கு எண்ணெய் ஊற்றியபடி. "புதுசா பேட்டரி வண்டி ஒண்ணு வருது. அதை உங்க தலையில கட்ட இந்தத் தடவை வீட்ல யாரைக் கோவிச்சுக்கச் சொல்லலாம்னுதான் காலையில யோசிச்சிட்டிருந்தாங்க."