விரல் மிச்சமில்லை

முத்துகுமரனின் பெருவிரலை வருகைப்பதிவு மிஷின் நாலாவது முறையாக மறுத்தது.

“ஏலே, அழுத்தி வை.”

“இதுக்கு மேல அழுத்துனா மிஷினுக்கே மசாஜ் ஆயிரும் அண்ணாச்சி.”

குற்றாலத்தில் சாரல் சீசன். லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிடும் பத்துப் பேருக்கும் விரலெல்லாம் நல்லெண்ணெய். மிஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விரலாக அழுத்தச் சொன்னவர் மேனேஜர் குற்றாலிங்கம். ஊழியருக்கு வேலை நேரத்துக்கு அளவே கிடையாது என்று தொழிலாளர் துறைக்கு யாரோ புகார் எழுதியிருப்பதாகத் தகவல். மாசக் கடைசியில் ஆய்வு. “ஒரு தப்பு வந்தாலும் உம்ம சீட்டு கிழிஞ்சிரும்” என்று புளியங்குடியிலிருந்து முதலாளி போனில் சொல்லிவிட்டார். மிஷினும் அவர் அனுப்பியதுதான்.

சீயக்காய் போட்டுக் கழுவச் சொன்னார். காலையில் பதிந்தது. சாயங்காலம் மறுபடி எண்ணெய். வெளியே போனது பதியவில்லை. மிஷின் கணக்கில், திங்கட்கிழமை வந்த பத்துப் பேரும் புதன்கிழமை வரை வீட்டுக்கே போகவில்லை.

“புகார் எழுதுனவனே தேவலையேலே.”

அருவியில் அலசிவிட்டு வரச் சொன்னார். விரல்கள் ஊறிச் சுருங்கித் திரும்பின. மிஷினுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பத்துப் பேர் பெயருக்கும் தன் பத்து விரல்களைப் பதித்தார். பெருவிரல் முத்துகுமரன், சுண்டுவிரல் ஜெபஸ்டின். விரல் வைக்க விடியுமுன் வந்தார். கடைசி ஆள் போன பிறகே எழுந்தார்.

மனைவி செண்பகவல்லி போன் போட்டாள். “இன்னைக்காவது வீட்டுல சாப்பிடுவீயளா?”

“இரு, ஜெபஸ்டின் இன்னும் போகலை.”

“அவன் இப்பதான் நம்ம வாசலைத் தாண்டிப் போறான்.”

“மிஷின்ல போகலட்டி.”

ஆய்வாளர் ஸ்ரீமதி வந்து பதிவுகளைப் பார்த்தார். “பத்துப் பேருக்கும் எட்டு மணி நேரம், வார லீவு. சுத்தமா இருக்கு. உங்க பேரைத்தான் காணோம்.”

“எனக்கு விரல் மிச்சமில்லை மேடம்.” வாய் தவறி வந்துவிட்டது.

முத்துகுமரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

எப்படியும் சீட்டு போயிற்று என்று குற்றாலிங்கத்துக்குத் தைரியம் வந்தது. “இவனுவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? எழுதுனது எவன்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

ஸ்ரீமதி கோப்பைப் புரட்டினார்.

“புகார் இவங்களைப் பத்தி இல்லையே சார். ‘மேனேஜருக்கு நாலு வருஷமா வார லீவு கிடையாது, பக்கத்துல இருக்குத அருவிக்குக்கூட என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல’ன்னு, செண்பகவல்லின்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க.”