பல் டாக்டர் பிடுங்கிய பாட்டுகள்

பல் டாக்டர் தன்னுடைய குறட்டையை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டது ஒரு இசை நாடகத்தின் பதிமூன்றாவது பாட்டில்.

நாடகம் போட்டது அவர் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆட்கள்தான். தூக்கம் வராத ஒரு ராஜாவின் கதை. மெட்டுப் போட்டது பாட்டு வாத்தியார். குடியிருப்போர் சங்கத் தலைவரின் மனைவி, எல்லாருக்கும் தலைவரம்மா, ராணியாக நடித்தார். டாக்டரின் மனைவி அரண்மனைச் சமையல்காரி. கீழ்த்தளத்து அரங்கில் நாடகம் நடந்து, கைதட்டலும் கிடைத்தது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பாட்டுகளை மட்டும் மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். பத்தொன்பது பாட்டு. ஒன்றரை மணி நேரம்.

அந்தப் பதிவை டாக்டர் ஒரு சாயங்காலம், நோயாளிகள் போன பிறகு, கிளினிக்கில் போட்டுக் கேட்டார். ஆசைப்பட்டு இல்லை. "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்று வீட்டில் கேட்பதைக் கேட்க முடியாமல்தான் இதைக் கேட்டார்.

பதிமூன்றாவது பாட்டில் சமையல்காரி தன் புருஷனின் குறட்டையைப் பற்றிப் பாடினாள். ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வது போல ஒரு குறட்டை வந்தது. முதலில் மரம் அறுக்கிற மாதிரி ஓர் இழுப்பு. அப்புறம், ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று சந்தேகம் வரும் ஒரு நிசப்தம். முடிவில் மெல்லிசாக ஒரு விசில். டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரோ நல்ல நடிகன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த நாற்காலியில சாய்வீங்களே டாக்டர், அப்ப இதே சத்தம்தான் வரும்" என்றாள்.

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கூடக் கழற்றாமல் மனைவியிடம் கேட்டார். "அது என் குறட்டையா?"

"ஆமா. புருஷனா நடிச்சவர் விட்ட குறட்டை எடுபடலை. சவுண்டுக்காரர் நிஜக் குறட்டை வேணும்னார். வீட்டுலயே இருக்கறப்போ வெளியில போய்த் தேடுவாங்களா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேட்டேனே. 'என்னங்க, பதிவு பண்ணட்டுமா'ன்னு கேட்டேன். அதுக்கும் குறட்டைதான் வந்துச்சு. சரின்னு சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

இதோடு போயிருந்தால் டாக்டரும் பேசாமல் இருந்திருப்பார். குடியிருப்புக்காரர்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சுவர் வழியாக வருஷக்கணக்கில் கேட்டவர்கள்தானே. ஆனால் அடுத்த வாரமே ஊர் வானொலியிலிருந்து ஆள் வந்தது. நாடகப் பாட்டுகளை ஒலிபரப்பப் போகிறார்களாம். டாக்டருக்குப் பகீர் என்றது. ஊரையே வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷன் அவர். அவர் வாய் திறந்து கிடக்கிற சத்தத்தை ஊரே உட்கார்ந்து கேட்பதா?

நல்ல வேளையாக வானொலி கொடுத்தது அரை மணி நேரம். ஆறு பாட்டுக்கு மேல் இடமில்லை. எந்த ஆறு என்பதில் குடியிருப்பு இரண்டுபட்டது. அவரவர் பாடிய பாட்டு அவரவருக்கு நாடகத்தின் உயிர், அடுத்தவர் பாடியது ஜவ்வு. பாட்டு வாத்தியாரிடம் கேட்டால், "எல்லாம் நான் பெத்தது, என்னைக் கேக்காதீங்க" என்று கையை விரித்துவிட்டார்.

டாக்டருக்கு வழி தெரிந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பட்டும் படாமலும் ஆரம்பித்தார்.

"நான் வேணா வெட்டித் தரட்டுமா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? பாட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாததுதாம்மா தகுதி. எனக்குத் தெரிஞ்சது பல்வலி, பல்லவி இல்லை. எனக்குன்னு வேண்டிய பாட்டு, வேண்டாத பாட்டு எதுவும் கிடையாது."

"தலைவரம்மாவுக்கு மட்டும் ஏழு பாட்டு இருக்கு. அதுல கை வெச்சா சும்மா விடமாட்டாங்க."

"சொத்தைன்னா பிடுங்கித்தான் ஆகணும். யார் வாய்னு பார்த்தா தொழில் பண்ண முடியுமா?"

மனைவி கரண்டியை மறுபடி எடுத்தாள். "வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

வேண்டாம் என்றதும் டாக்டருக்கு வேகம் கூடிவிட்டது. நான்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க" என்றாள் மனைவி. "பிடிச்சது, பிடிக்காததுன்னு வெட்டாதீங்க. ஒரு விதி வெச்சுக்கிட்டு வெட்டுங்க. அப்பதான் யாரும் வாயைத் திறக்க முடியாது."

டாக்டர் அதற்குள் விதியைத் தயார் செய்துவிட்டார். "ஒரு பாட்டை எடுத்துட்டுப் பார்க்கணும். அது இல்லாமலே கதை புரிஞ்சா, அது வேண்டாத பாட்டு. புரியலைன்னா, இருந்தே ஆகணும். எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு. கூட்டத்துல முதல்ல இதைச் சொல்லி எல்லாரையும் ஒத்துக்க வெச்சிடுங்க. அப்புறமா பாட்டுகளைச் சொல்லுங்க."

"யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. நீயே ஆனாலும்."

"கிடையாது" என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள். கேட்காமலே பரிமாறினாள் என்பதை டாக்டர் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே டாக்டர் பாட்டு கேட்டார். வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ராணி மாடத்தில் நின்று அழுதாள். நந்தவனத்தில் அழுதாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். ராணி அழுமூஞ்சி என்று தெரிய ஒரு அழுகையே ஜாஸ்தி. மூன்றும் போயின. அரண்மனைத் தூண்களைப் பற்றி மந்திரி பாடினார். தூண் இல்லாத அரண்மனையா, அது சொல்லாமலே புரியும் என்று தூணைச் சாய்த்தார். படைவீரர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள், பாடிக்கொண்டே போனார்கள். போனவர்களைத் திரும்பி வரவிடவில்லை.

குறட்டைப் பாட்டையும் நியாயத்துக்கு ஒரு தடவை கேட்டார். சமையல்காரியின் புருஷன் குறட்டை விட்டால் ராஜாவுக்கு என்ன நஷ்டம்? நடுவில் ஒரு சிரிப்புக்காகச் செருகியது. வேரோடு பிடுங்கினார். நிம்மதியாக மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எல்லாரும் கூடினார்கள். டாக்டர் முதலில் விதியைச் சொன்னார். நியாயமாகத்தான் இருக்கிறது என்று வாத்தியார் தலையாட்டினார். தலைவரம்மாவும் தலையாட்டினார், தன் ஏழு பாட்டும் கதைக்கு அவசியம் என்ற நம்பிக்கையில். பிறகு டாக்டர் ஆறு பாட்டுகளைச் சொன்னார். தலைவரம்மாவுக்கு மிஞ்சியது ராஜாவைத் தூங்கவைக்க ராணி பாடும் தாலாட்டு ஒன்றுதான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விதிக்குத் தலையாட்டியாகிவிட்டதே.

டாக்டரின் மனைவி மெதுவாக எழுந்தாள். "என் பாட்டை எடுத்ததுல எனக்கு வருத்தமே இல்லைங்க. ஒரே ஒரு சந்தேகம். ராஜாவுக்கு எப்படித் தூக்கம் வந்துச்சு?"

"எப்படின்னா, ராணி தாலாட்டுப் பாடினாங்க. தூங்கிட்டார்."

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாலாட்டுல தூங்கலை டாக்டர். அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துட்டாரு. கடைசியில சமையல்கட்டுப் பக்கம் போறாரு. அங்கே சமையல்காரி புருஷனோட குறட்டையைக் கேக்கறாரு. அந்தக் குறட்டை ஏற ஏற இவருக்கும் கண்ணு சொருகுது. அங்கேயே சுவர்ல சாய்ஞ்சு தூங்கிடறாரு. பதிவுல பாட்டு மட்டும் இருக்கறதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா நாடகத்துக்கு வந்திருந்தீங்களே?"

"வந்திருந்தார்" என்றாள் மனைவி. "முன் வரிசை. விளக்கை அணைச்சதும் தூங்கிட்டார்."

விதிப்படி பார்த்தார்கள். தாலாட்டு இல்லாமல் கதை புரிந்தது. குறட்டை இல்லாமல் புரியவில்லை. அது வெளியே, இது உள்ளே.

"அப்ப ராணிக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாதா?" என்று கேட்டார் தலைவரம்மா.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். "நாங்க என்னம்மா பண்றது? விதி அவரோடது" என்றாள்.

தலைவரம்மா டாக்டரைப் பார்த்த பார்வையில், இனி இந்த ஜன்மத்தில் அவர் பல் வலியோடே காலம் தள்ளுவாரே தவிர அந்தக் கிளினிக் படியேற மாட்டார் என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "உனக்கு இது முன்னாடியே தெரியும்."

"எனக்கு மட்டுமா, வாத்தியாருக்கும் தெரியும். தலைவரம்மா பாட்டுல கை வைக்க எங்க யாருக்கும் தைரியம் இல்லை. யாராவது வெளியாள் கிடைச்சா தேவலைன்னு பேசிக்கிட்டு இருந்தோம். நீங்களா வந்தீங்க."

"நீதான் வேண்டாம், வேண்டாம்னு சொன்னியே."

"செய்யுங்கன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

டாக்டர் நாற்காலியில் இன்னும் சரிந்தார். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார். "வானொலியில என் பேர் வராம பார்த்துக்க. அது போதும்."

"உங்க பேர் வரவே வராது. நான் பொறுப்பு."

ஒலிபரப்பு அன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். நடுநடுவே அறிவிப்பாளர் கதையைச் சொல்ல, ஆறு பாட்டும் தங்குதடையில்லாமல் போயின. கதை கண்ணாடி போலப் புரிந்தது. வெட்டியது நல்ல கைதான் என்று டாக்டர் தனக்குள் ஒப்புக்கொண்டார். குறட்டை வந்தபோதுகூட முன்போல உறுத்தவில்லை. தாளம் தப்பாமல்தான் விட்டிருக்கிறோம் என்று தோன்றியது. முடிவில் அறிவிப்பாளர் பாடியவர்களையும் வாசித்தவர்களையும் வரிசையாகச் சொல்லி, தொடர்ந்தார்: "குறட்டை வழங்கியவர், பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கும் பல் டாக்டர்."

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பேர் சொல்லலையே" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் கிளினிக்கில் போன் அடித்தது. எடுத்த நர்ஸ், வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், ஒரு அம்மா பேசறாங்க. குழந்தை சரியாத் தூங்கறதே இல்லையாம். இன்னைக்கு உங்ககிட்ட கூட்டிட்டு வரலாமான்னு கேக்கறாங்க."

"பல் முளைக்கிற நேரமா இருக்கும். வரச் சொல்லு."

நர்ஸ் போனில் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"பல்லுக்கு இல்லையாம் டாக்டர்."