நாலு மூட்டு வலியும் ஒரு வீட்டு பாரும்

ஒரு காட்டில், தேன்கூட்டுக்கே டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிற இந்தக் காலத்தில், தேனப்பன் என்றொரு கரடி வாழ்ந்து வந்தார். கரடிக்கு என்ன 'வந்தார்' என்று முறைக்காதீர்கள். சொந்தக் குகை, இரண்டு அறை, தெற்குப் பார்த்த வாசல். அப்படிப்பட்டவரை அது இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டுக் கதையில் நரியைக் காணோமே என்றும் தேட வேண்டாம். தந்திரத்துக்குத்தான் நரி வேண்டும், இந்த வீட்டில் அதற்கு மனைவியே இருக்கிறார்.

தேனப்பனுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. வீட்டிலேயே ஒரு பார் வைக்க வேண்டும். மனிதர், அதாவது கரடியார், குடிகாரர் எல்லாம் இல்லை. எப்போதாவது ஒரு கொட்டாங்குச்சி நாவல்பழ ஊறல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கொட்டாங்குச்சிக்கும் ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னால் போய்க் காட்டுப்பன்றிகளோடு நிற்க வேண்டியிருந்தது. அங்கே உட்கார இடம் கிடையாது, தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் கேட்டால் அடிதடி. நம்ம வீட்டில், நம்ம ரசனைப்படி, ஒரு விளக்குக்குக் கீழே மரியாதையாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக் குடிக்கக் கூடாதா என்று அவர் ஏங்கிப் போயிருந்தார்.

மனைவி வடிவு முதலில் சம்மதிக்கவில்லை. பாருக்கென்று தேனப்பன் பார்த்து வைத்திருந்த மூலையில் டிரெஸ்ஸிங் டேபிள் போட வேண்டும் என்பது அவருடைய திட்டம். உடம்பு முழுக்க முடி இருப்பவளுக்கு ஒரு சீப்பு வைக்க இடமில்லை என்று மூன்று வேளையும் சொல்லிக் காட்டினார். கடைசியில் இறங்கி வந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. விஷயம் தன் அப்பா காதுக்குப் போகக் கூடாது.

அப்பா பெயர் மலைக்கொழுந்து. வடக்குச் சரிவு மதுவிலக்குப் பேரவையின் தலைவர். தின்றால் போதை ஏறும் இலுப்பைப்பூ கொட்டுகிற மாதத்தில் பேரவை ஆட்களை வைத்து மரத்தடியைப் பெருக்கித் தள்ளுகிறவர். கல்யாணப் பந்தலிலேயே எல்லோரும் பார்க்க, இந்த வீட்டில் என்றைக்கு அந்த வாடை வருகிறதோ அன்றைக்கே என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னவர். சும்மா மிரட்டுகிற ஆளும் இல்லை. மூத்த மாப்பிள்ளை அளவுக்கு மீறிப் பழுத்த பலாப்பழத்தைத் தின்றுவிட்டு லேசாகப் பாட்டுப் பாடினார் என்பதற்காக, மூத்த மகளை ஒரு வருஷம் தாய்வீட்டில் உட்கார வைத்தவர். தேனப்பனும் வடிவும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் ஒரு ராத்திரி தூங்கியதில்லை. அதனால் இந்த மிரட்டலை நினைத்தாலே இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது. காட்டிலேயே பெரிய இன்டீரியர் டிசைனரான தூக்கணாங்குருவி கூடலிங்கத்தை வரவழைத்தார்கள். கூடலிங்கம் வந்தார், தலைகீழாகத் தொங்கியபடி மூலையைப் பார்த்தார், "சார், உங்க தீம் என்ன?" என்றார். ஒரு பலகை, இரண்டு முக்காலி என்று தேனப்பன் இழுத்தார். அதெல்லாம் தீம் ஆகாதாம். பாரைப் பார்த்தால் வீட்டுக்காரருடைய உள்ளம் தெரிய வேண்டுமாம். இவருக்கு 'ரஸ்டிக்' தான் எடுப்பாக இருக்கும், அதாவது காடு மாதிரியே செய்துவிடலாம் என்றார் கூடலிங்கம்.

"நாங்க இருக்கிறதே காட்டுலதானேப்பா?"

"காட்டுல இருந்துக்கிட்டு காடு மாதிரி வெச்சிருந்தா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம், சார். டிசைனரை வெச்சுப் பண்ணினா அதுக்குப் பேரு ரஸ்டிக்."

தேனப்பனுக்கு இது நியாயமாகப் பட்டது. வேலை தொடங்கியது. பலாப்பலகையில் கவுன்டர். பழைய தூக்கணாங்கூடுகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே மின்மினிகளை ஷிப்டு முறையில் உட்கார வைத்தார்கள். சுரைக்குடுக்கைகளை அலமாரியில் அடுக்கி, பின்னால் ஒரு நீல விளக்கு. அந்த நீலத்துக்கு எந்த மின்மினியும் சம்மதிக்காததால் நீலச் சங்குப்பூவை மறைப்பாகக் கட்டினார்கள். கரடி உட்கார்ந்தால் கால் தரையில் படாத அளவுக்கு உயரமான முக்காலிகள் இரண்டு.

இதெல்லாம் கூடலிங்கத்தின் கைவண்ணம். தேனப்பனுடைய சொந்த ரசனை இனிமேல்தான் வருகிறது. சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார். ஜீப்பிலிருந்து விழுந்த கண்ணாடி நடுவில் ஏறியது. பிறந்தநாள் கேக்கோடு வந்த குட்டிக் காகிதக் குடைகளைக் கொட்டாங்குச்சிக்கு ஒன்றாகச் செருகினார். நெடுஞ்சாலை ஓரம் சாய்ந்து கிடந்த மஞ்சள் போர்டு ஒன்றை, 'யானைகள் கடக்கும் இடம்' என்று எழுதியிருக்கும் பாருங்கள், அதைத் தூக்கி வந்து சுவரில் மாட்டினார். யானைகள் சட்டத்தை மதிக்கிற ஜாதி. போர்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடப்போம் என்று அன்றிலிருந்து தினமும் குகை வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுப் போகின்றன.

ஒவ்வொரு குடுக்கைக்கும் தேனப்பன் தானே பெயர் வைத்துத் தேக்கிலையில் எழுதி ஒட்டினார். நாவல்பழ ஊறலுக்கு 'தள்ளாடும் தென்றல்' என்று பெயர். எழுதிவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தார், அவருக்கே கண் கலங்கிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்ற வடிவும் இப்போது திரைச்சீலைக்கு எந்தக் கொடி பொருந்தும் என்று கூடலிங்கத்தோடு வாதாடிக்கொண்டிருந்தார். தன்னுடைய சீப்பையும் கவுன்டரிலேயே ஓர் ஓரமாக வைத்துக்கொண்டார்.

திறப்பு விழா நாள் வந்தது. மாலை வெயில் சாயச் சாய நண்பர்கள் வருவார்கள் என்று ஏற்பாடு. அதற்குள் மேலே கிளையில் தொங்கிக்கொண்டிருந்த கூடலிங்கம், கீழே ஒரு பெரியவர் வருகிறார், வெள்ளைத் துண்டு, மூட்டு வலி நடை, கையில் பலகாரப் பை என்று அறிவித்தார். வடிவு எட்டிப் பார்த்தார். அப்பாவேதான்.

தேனப்பன் ஒரு போர்வையை எடுத்துப் பாரை மூடப் போனார். மூடினால் கான்செப்ட் கெட்டுப்போகும் என்று கூடலிங்கம் குறுக்கே விழுந்தார். இவர்கள் போர்வைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மலைக்கொழுந்து உள்ளே வந்துவிட்டார். பலகாரப் பையை மகளிடம் கொடுத்தார். மூலையைப் பார்த்தார். நீல வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

இன்றைக்கு ராத்திரி தனியாகத்தான் தூங்கப் போகிறோம் என்று தேனப்பனுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. அப்போது வடிவு, பலகாரப் பையைக் கீழே வைக்காமலேயே, "வைத்தியசாலைப்பா. உங்க மாப்பிள்ளை இப்ப மூலிகை வைத்தியம் பண்றாரு" என்றார்.

மலைக்கொழுந்து லேசில் நம்புகிறவரா? ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வடிவும் சளைக்காமல் சொன்னார். நீல விளக்கு கிருமியைக் கொல்லுவதற்கு. கண்ணாடி, நோயாளி நாக்கை நீட்டிப் பார்ப்பதற்கு. முக்காலி ஏன் இவ்வளவு உயரம் என்றால், கால் தொங்கினால்தான் ரத்தம் ஓடும். குட்டிக் குடை, மருந்தின் மேல் வெயில் படாமல் இருக்க. மஞ்சள் போர்டு, யானைகளுக்கும் இங்கே பார்க்கப்படும் என்று தெரிவிக்க. சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்து ஒரு யானை வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டது. மலைக்கொழுந்து திரும்பி, டாக்டர் வேலையாக இருக்கிறார், அப்புறம் வா என்று சொல்லி அனுப்பினார்.

கடைசியாகத் தேக்கிலையைப் படித்தார். 'தள்ளாடும் தென்றல்' என்றால் என்ன என்று கேட்டார். நடக்க முடியாமல் தள்ளாடி வருகிறவர்களுக்கான மருந்து என்றார் வடிவு.

"அப்படின்னா எனக்கு ஒரு வேளை குடுங்க. படியேறி வந்ததுல மூட்டு விண்ணுவிண்ணுங்குது."

தேனப்பன் ஊற்றிக் கொடுத்தார். குடை உட்பட வாங்கிக்கொண்டு, மலைக்கொழுந்து முக்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரே மடக்கில் குடித்தார். மின்மினிகள் ஒரு கணம் அணைந்து எரிந்தன. அவர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "கசக்கவே இல்லையே மாப்பிள்ளை. கசக்காதது எப்படி மருந்தாகும்?" என்றார்.

"கசப்பு காலையில தெரியும் மாமா" என்றார் தேனப்பன். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான், ஆனால் அதில் பொய் துளியும் இல்லை.

மலைக்கொழுந்து வலது முன்னங்காலை நீட்டி மடக்கினார். வலி விட்டுவிட்டது என்றார். இடது முன்னங்காலுக்கு ஒரு வேளை கேட்டார். அதுவும் சரியானது. கரடிக்கு மூட்டு நாலு என்பதை அவரே ஞாபகப்படுத்தினார். நாலாவது மூட்டு குணமானபோது அவர் தன் இளம் வயதில் கற்ற ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார், கூடலிங்கம் தொங்கியபடியே தாளம் போட்டார். தாமதமாக வந்து சேர்ந்த நண்பர்கள், பேரவைத் தலைவரே பாருக்குத் திறப்பு விழா நடத்துவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினார்கள்.

மறுநாள் காலை கசப்பு தெரிந்தது. சரியான மருந்துதான் என்று மலைக்கொழுந்துக்கு முழு நம்பிக்கை வந்தது. உடனே வடக்குச் சரிவுக்கு ஆள் அனுப்பினார். பேரவையில் உறுப்பினராக இருந்து இருந்தே எல்லோருக்கும் ஏதோ ஒரு வலி இருந்திருக்கிறது. காட்டெருமைக்கு இடுப்பு, மயிலுக்குத் தொண்டை, ஆமைக்கு முதுகு. வாசலிலிருந்து ஓடை வரை வரிசை நின்றது. ஆமை முந்தின நாளே வந்து வரிசையில் இடம் போட்டிருந்தது, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. மலைக்கொழுந்து ஊருக்குத் திரும்பவே இல்லை. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, டோக்கன் கொடுத்து, நோயை விசாரித்து, அளவாக ஊற்றிக் கொடுத்தார். காடெங்கும் புதிதாகக் குகை கட்டுகிறவர்கள் எல்லாம் ஹாலில் 'வைத்தியசாலை தீம்' கேட்க ஆரம்பிக்க, கூடலிங்கத்துக்குத் தொங்க நேரமில்லாமல் போனது.

ஒருவருக்கு மட்டும்தான் கஷ்டம். ஆசை ஆசையாக அலங்கரித்த பாரில் தேனப்பன் ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. கை நீட்டினால், உடம்பு நன்றாக இருக்கிறவர் மருந்து சாப்பிடக் கூடாது மாப்பிள்ளை என்று மாமனார் தட்டிவிடுவார். நண்பர்களும் வருவதில்லை. சொந்த வீட்டில் சொந்த முக்காலியில் யாரோ ஒரு காட்டெருமை உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருக்க, அவர் அறையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் முகத்தைப் பார்க்க வடிவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? போய் டோக்கன் வாங்கி வரிசையில் நில்லுங்கள் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

தேனப்பன் நின்றார். தன் வீட்டு வாசலில், தன் பாருக்கு, ஆமைக்குப் பின்னால். ஆமை நகர நகர நகர்ந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது கவுன்டரை அடைய. மலைக்கொழுந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"என்ன கோளாறு?"

தேனப்பன் தலைவலி என்று சொல்லலாம் என்றுதான் வந்தார். ஆனால் நின்று நின்று கால் கடுத்துப்போய், மனசு நொந்து, வாயில் வந்தது வேறு.

"மாமனார்."

அறைக்குள்ளிருந்து வடிவு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலைக்கொழுந்து மெதுவாகத் தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணத்துலேர்ந்து."

பெரியவர் தலையாட்டினார். டோக்கன் முடிந்தது, மற்றவர்கள் நாளைக்கு வாருங்கள் என்று வரிசையைக் கலைத்தார். எல்லோரும் போன பிறகு பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கொட்டாங்குச்சி நிறைய ஊற்றினார்.

"எனக்கும் இருந்துச்சு மாப்பிள்ளை, இதே வியாதி. உங்க அத்தையோட அப்பா. உட்காருங்க, இதுக்கு ஒருத்தராக் குடிச்சா கேட்காது" என்றார்.

அன்றிரவு வெகுநேரம் இரண்டு கரடிகளும் தங்கள் தங்கள் மாமனாரைப் பற்றி மனம் விட்டுப் பேசின. வடிவு முந்திரி வறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுவும் பத்தியச் சாப்பாடுதான் என்றார்.

நீதி: வீட்டில் மாமனாரிடமிருந்து எதையும் ஒளித்து வைக்காதீர்கள். 'சாப்பாட்டுக்குப் பின், இரண்டு வேளை' என்று எழுதி ஒட்டி நடு ஹாலில் வையுங்கள்.